சிறுமை விகுதி: ஒரு மறுப்பு

மொழி கனிகிற இடம் சிறுமை விகுதி என்று ஒரு நண்பர் கட்டுரை படித்தார். வேலூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிற அறையில்தான். லத்தீனில் முளைத்து, இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் பூத்துக் குலுங்கிய விகுதிகளைப் பட்டியலிட்டார். தமிழில் அப்படி ஒரு விகுதி வளராமல் போயிற்று, 'சின்ன', 'குட்டி' என்று முன்னாலும் பின்னாலும் சில சொற்களை ஒட்டி ஒப்பேற்றிக்கொள்கிறோம் என்று வருத்தப்பட்டார். இந்தக் குறையைப் புதுக்கவிதை ஈடுசெய்துவிட்டது என்பது அவர் முடிவு. சின்ன விளக்கு, குட்டி நிழல், பிஞ்சு வெயில் என்று நம் கவிஞர்கள் எழுதுவதெல்லாம் தமிழ் மனம் தன் இறுக்கத்தை விட்டு நெகிழ்வதன் அடையாளமாம். ஆட்சேபணை எதுவும் எழவில்லை. நான் வாயைத் திறந்தபோது, "ஆம்பூர்க்காரருக்கு லத்தீனில் என்ன வேலை?" என்று இன்னொரு நண்பர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பேச முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

சிரித்த நண்பருக்குத் தெரிந்திருக்காது, அவர் கேள்வி மிகப் பழையது. பிளினி சொல்கிற கதை ஒன்று உண்டு. கிரேக்க ஓவியன் அப்பெல்லிஸ் தன் படங்களை வெளியே வைத்துவிட்டு, பின்னால் மறைந்திருந்து போகிறவர் வருகிறவர் பேசுவதைக் கேட்பானாம். செருப்புத் தைக்கிற ஒருவன், படத்தில் செருப்பின் வார் தவறாக இருக்கிறது என்றான். அப்பெல்லிஸ் திருத்திவிட்டான். மறுநாள் அதே ஆள் காலைப் பற்றியும் ஏதோ சொன்னான். அப்பெல்லிஸ் தலையை நீட்டி, செருப்புக்கு மேலே போகாதே என்று அதட்டினான். அது பழமொழியாகி ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. விமர்சகர்களை அடக்க இன்றும் பயன்படுகிறது. ஆனால் செருப்புத் தைக்கிறவன் சொன்ன முதல் திருத்தம் சரியாக இருந்தது, ஓவியன் அதை ஏற்றுக்கொண்டான் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஆகவே நான் செருப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ரோமானியச் சிப்பாய்கள் போட்ட, அடியில் ஆணி அறைந்த தோல் செருப்புக்குக் காலிகா என்று பெயர். தளபதி ஜெர்மானிக்கஸின் சின்ன மகன் ரைன் நதிப் படைமுகாமில் சிப்பாய் உடையில் வளர்ந்தான். சிப்பாய்கள் அவனைக் காலிகுலா என்று கூப்பிட்டார்கள். குட்டிச்செருப்பு என்று அர்த்தம். இது கனிவுதான். நண்பருக்கு விட்டுக்கொடுக்கிறேன். கி.பி. 37இல் அந்தப் பையன் சக்கரவர்த்தியானான். அதன் பிறகு அதே பெயரால் தன்னை அழைத்த ஒரு படையதிகாரியை அவன் தண்டிக்காமல் விடவில்லை என்று ஸெனெக்கா எழுதுகிறார். விகுதியில் ஓர் எழுத்து மாறவில்லை. சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் நடுவே இருந்தது மாறிவிட்டது. 41இல் அவன் கொலையுண்ட பிறகு அந்தப் பெயர்தான் அவனுக்கு நிலைத்தது. செத்தவனால் மறுக்க முடியாது. மேற்கு ரோமின் கடைசிச் சக்கரவர்த்திக்கும் இதுவே நடந்தது. 476இல் பதவியிறக்கப்பட்ட அந்தச் சிறுவன் பெயர் ரோமுலஸ் அகஸ்டஸ். சரித்திரத்தில் அவன் அகஸ்துலுஸ், அதாவது குட்டி அகஸ்டஸ். அவனால் உயிரோடிருந்தபோதே மறுக்க முடியவில்லை.

ஸிஸரோ தன் மகள் துல்லியாவைத் துல்லியோலா என்று கடிதங்களில் எழுதுகிறான். அதே ரோமானியர்கள் கிரேக்கனை இளக்காரம் செய்ய கிரைகுலுஸ் என்றார்கள். ஒரே விகுதிதான், ஒலிக்கு ஏற்ப ஓர் உயிரெழுத்து மட்டும் மாறியிருக்கிறது. இரண்டையும் 'நெகிழ்ச்சி' என்ற ஒரே பெட்டிக்குள் நண்பர் எப்படி அடைக்கிறார்? லத்தீன் இலக்கியத்தில் அவருக்குப் பிடித்தது கத்தல்லஸின் சிட்டுக்குருவியும், சாகும் தறுவாயில் ஹேட்ரியன் தன் உயிரைக் கொஞ்சிப் பாடியதும்தான். நல்ல கவிதைகள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் குருவியையும் தன் உயிரையும் கொஞ்சுவது சுலபம். அவை திரும்பப் பேசாது.

விகுதி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். லத்தீன் சிறுமை விகுதிக்குள் இருக்கும் லகரம் இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் சிறுமையை மட்டும் குறித்ததல்ல. ஒன்றைச் சார்ந்தது, ஒன்றின் இனத்தது என்ற பொருளும் அதற்கு உண்டு என்று மொழிநூலார் பலர் கருதுகிறார்கள். குயவனுக்கு லத்தீனில் ஃபிகுலுஸ், பொறுக்குகிறவனுக்கு லெகுலுஸ். இங்கே வால் அதே உருவத்தில் இருக்கிறது, சிறுமை இல்லை. தொழிலைச் சார்ந்தவன் என்பதே பொருள். சார்ந்தது எப்படிச் சின்னதாயிற்று என்று மொழிநூல் கேட்கிறது. எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு கடினமாகத் தெரியவில்லை. பழைய ரோமில் அடிமைகளுக்குத் தனிப்பெயர் கிடையாது, எஜமானன் பெயரோடு 'பையன்' சேர்த்து அழைத்தார்கள் என்று பிளினியும் குவின்டிலியனும் குறிக்கிறார்கள். மார்சிபோர் என்றால் மார்க்கஸின் பையன். லூசிபோர் என்றால் லூசியஸின் பையன். அறுபது வயதானாலும் பையன்தான். 'உடைய' என்பதிலிருந்து 'சின்ன' என்பதற்குப் போக ஒரே எட்டு. பெண்ணுக்கு இன்னும் ஒரு படி கீழே. சிறுமிக்கு லத்தீனில் வழங்கிய புவெல்லா என்ற சொல், பையனைக் குறிக்கும் புவெர் என்ற சொல்லின் அடியில் சிறுமை விகுதி சேர்ந்து வந்தது. பையனே சின்னவன், பெண் அவனுக்கும் சின்னவள்.

இனி, விகுதி தேய்ந்த கதை. இதுதான் நண்பர் கவனிக்காமல் தாண்டிப்போன இடம். காதுக்கு லத்தீனில் ஆவுரிஸ். அதன் சிறுமை ஆவுரிகுலா. ஜனங்கள் பேச்சில் அது ஓரிக்லா ஆயிற்று. இப்படிப் பேசாதே என்று ஒரு வாத்தியார் எழுதிவைத்த பட்டியல் இன்றும் இருக்கிறது. புரோபஸின் பின்னிணைப்பு என்பார்கள். 227 திருத்தங்கள். காதைக் காது என்று சொல், காதுக்குட்டி என்று சொல்லாதே என்பது போன்றவை அவற்றில் சில. வாத்தியார் தோற்றார். ஓரிக்லாதான் இத்தாலியனில் ஒரேக்கியோ, ஸ்பானிஷில் ஒரேஹா, பிரெஞ்சில் ஒரேய். மூன்று மொழியிலும் இன்று அது வெறும் காது. யானையின் காதும் அதுதான். சூரியனுக்குப் பிரெஞ்சில் ஸொலேய். மூலத்தில் அது குட்டிச் சூரியன். கிழவனை இளக்காரமாகச் சொன்ன வெட்டுலுஸ், வெக்லுஸாகித் திரிந்து, இத்தாலியனில் 'பழைய', 'முதிய' என்பதற்கு இருக்கும் சாதாரணச் சொல்லாகிவிட்டது. சகோதரனும் சகோதரியும் இத்தாலியனில் ஃப்ரதெல்லோ, சொரெல்லா. இரண்டிலும் சிறுமை உள்ளே புதைந்து கிடக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை. செருப்புத் தைக்கிறவனுக்கு இத்தாலியனில் கால்ஸொலாயோ. அதற்குள்ளேயும் லத்தீனின் 'சின்னச் செருப்பு' இருக்கிறது. தோலுக்குப் பெல்லிஸ், மெல்லிய சின்னத் தோலுக்குப் பெல்லிகுலா. ஸ்பானிஷ்காரன் இன்று சினிமாப் படத்தைப் பெலிகுலா என்கிறான்.

குறுகிய சொற்கள் ஒலி தேய்ந்து நிற்க மாட்டாமல் போனபோது விகுதி அவற்றுக்கு உடம்பு கொடுத்தது என்று மொழிநூல் காரணம் சொல்கிறது. சரிதான். ஆனால் சிறுமைப் பொருள் ஏன் கழன்றது? எல்லோரும் எல்லோருடைய காதையும் ஓரிக்லா என்றார்கள், அதனால். எஜமானன் காது ஆவுரிஸ், அடிமையின் காது ஓரிக்லா என்று இரண்டாக நின்றிருந்தால் இன்றைக்கும் சிறுமை அங்கேயே இருந்திருக்கும். ஒரு சிறுமைச் சொல் பொதுவில் புழங்கினால் அதன் சிறுமை தேய்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மட்டும் எறியப்பட்டால் தேய்வதில்லை. கட்டுரை முழுவதிலும் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி உதாரணம்.

தமிழுக்கு வருகிறேன். நம்மிடம் சிறுமை விகுதி இல்லை என்று நண்பர் அழ வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர் ஒன்பது தருகிறது. கன்று, குட்டி, குருளை, குழவி, பறழ், பார்ப்பு, பிள்ளை, மகவு, மறி. எந்த உயிருக்கு எது என்று பிரித்தும் தருகிறது. உலக மொழிகளின் சிறுமைச் சொற்களை ஆராய்ந்த டேனியல் ஜுராஃப்ஸ்கி 1996இல் எழுதிய கட்டுரையில், சிறுமையின் மையப் பொருள் 'குழந்தை' என்கிறார். தொல்காப்பியரைப் படித்தவனுக்கு அதில் ஆச்சரியமில்லை. தொல்காப்பியம் அணிலுக்குக் குட்டியை ஒதுக்கியது. ஜனங்கள் அணிற்பிள்ளை என்றார்கள். கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்றார்கள். இன்று கீரிப்பிள்ளை என்றால் முழு வளர்ச்சியடைந்த கீரி. ரோமாபுரி வாத்தியார் இங்கே இருந்திருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்திருப்பார்.

மனிதர்களுக்கு வந்ததும் கதை திரும்புகிறது. பிள்ளை என்ற குழந்தைச் சொல் மேலே ஏறிற்று. பட்டமாயிற்று, சாதிப் பெயரின் வாலாயிற்று, கணக்கு எழுதுகிறவனைக் கணக்குப்பிள்ளை ஆக்கிற்று. பயல், பையன் என்ற இன்னொரு குழந்தைச் சொல் கீழே இறங்கிற்று. மலையாளத்தில் பைதல் இன்னும் குழந்தையாகவே நிற்கிறது. தமிழில் பயல் வசை. அங்கே குட்டி என்றால் குழந்தை, பெரிய மனிதர்களின் பெயரிலும் மரியாதையாக ஒட்டிக்கொள்ளும். இங்கே ஒரு பெண்ணைக் குட்டி என்று சொல்கிறவனின் பார்வை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சிறுக்கி என்ற சொல்லில் சிறுமி, வேலைக்காரி, வசை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. லத்தீனின் முலியெர்குலா, 'சின்னப் பெண்பிள்ளை', இதே வழியில் போன சொல். எதிர்த்திசையிலும் போகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1980களில் அங்கே 'பொடியள்' என்றால் துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள். சனங்கள் அந்தச் சொல்லைப் பாசத்தோடும் சொன்னார்கள், பயத்தோடும் சொன்னார்கள். யார் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சொல் வளரும், குறுகும்.

உறவுமுறைச் சொற்களில் மட்டும் சிறுமை யாரையும் குத்துவதில்லை. சின்னம்மா, சித்தப்பா எல்லாம் வரிசையைச் சொல்கின்றன, அவ்வளவே. லத்தீனில் தாய்மாமன் அவுன்குலுஸ். சின்னத் தாத்தா என்று அர்த்தம். அதுதான் பிரெஞ்சில் ஓங்க்ல் ஆகி, ஆங்கிலத்தில் அங்கிள் ஆகி, இன்று நம் தெருக்குழந்தைகள் வாயில் மரியாதையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. குடும்பத்துக்குள் சின்னவன் ஒருநாள் பெரியவன் ஆவான், அவனையும் யாரோ பெரியப்பா என்பார்கள். அந்த நிச்சயம் இருப்பதால் சிறுமை சுமையாவதில்லை.

என் பெரியப்பா ஒரு டேனரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். பாலாற்றின் ஓரம், எது என்று சொல்லப்போவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எங்கே போனாலும் கதை ஒன்றுதான். சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தூக்கிப்போடுவதும் டிரம்மில் ஏற்றி இறக்குவதும் அவர் வேலை. கை நகங்கள் வெந்து போயிருக்கும். நான் ஒருமுறை வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோனேன். கணக்கு எழுதுகிறவருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் அவரைக் கணக்குப்பிள்ளை என்பார்கள். அவர் உள்ளே திரும்பி, "அந்தப் பையனை வரச் சொல்லு, வீட்டுலேர்ந்து வந்துகினு இருக்காங்க" என்றார். குரலில் கோபமில்லை. நல்ல மனுஷன் என்றுதான் பெரியப்பாவே சொல்வார். வந்து நின்ற பெரியப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நான் அவரைப் 'பெரியப்பா' என்று கூப்பிட்டேன். கணக்குப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்கு அதில் முரண் எதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பிள்ளையும் குழந்தை, பையனும் குழந்தை. ஒரே குழந்தைப் பருவத்திலிருந்து கிளம்பிய இரண்டு சொற்கள் ஒரே கேட்டுக்கு உள்ளே எதிரெதிராக நிற்கின்றன. ஒன்றின் சிறுமை தேய்ந்து மரியாதையாகிவிட்டது. மற்றதன் சிறுமை முப்பது வருஷத்தில் துளியும் தேயவில்லை. பெரியப்பா கணக்குப்பிள்ளையைத் திரும்பப் 'பையா' என்று கூப்பிட்டிருக்க முடியுமா? வயதுப்படி அவர்தான் கூப்பிடலாம். ஸிஸரோவின் மகள் அப்பாவைத் திரும்பக் கொஞ்சியிருப்பாள். காலிகுலா வாயடைத்தான். பெரியப்பா சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு போனார். கனிவா அல்லவா என்று தீர்மானிக்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான். திரும்பச் சொல்ல முடியுமா?

ஷூ கம்பெனிகள் வந்த பிறகு பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகிறார்கள். காலையில் ஆம்பூர் பக்கம் கம்பெனி பஸ்களில் அவர்களைத்தான் பார்க்கலாம். மேல்தோல் தைக்கிற வரிசையில் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் வாயில் அவர்கள் எல்லோரும் 'பொண்ணுங்க'. எங்கள் பக்கத்தில் சின்னபாப்பா என்று பெயருள்ள பாட்டிகள் நிறைய உண்டு. சின்ன ஒருமுறை, பாப்பா ஒருமுறை, இரட்டைச் சிறுமை. சிறுமையின் மேல் சிறுமை அடுக்குவது லத்தீனுக்கும் தெரியும், பெட்டியைப் பெட்டிக்குட்டியாக்கி அதையும் இன்னொரு குட்டியாக்கும். சின்னபாப்பா என்று பெயர் வைத்தவள் தாய். அது கொஞ்சல். அதே பெயரை வரிசையின் கோடியிலிருந்து ஒருமையில் கத்திக் கூப்பிடும்போது தாயின் கொஞ்சல் யாருக்கு உதவுகிறது? கூப்பிடுகிறவனுக்கு. கொஞ்சலை அவன் இலவசமாக எடுத்துக்கொண்டு அதட்டலாகச் செலவழிக்கிறான்.

ஸ்பானிஷ் அறிஞர் அமாதோ அலொன்ஸோ 1935இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறுமை விகுதி பொருளின் அளவைச் சொல்வது அரிது, பெரும்பாலும் அது உணர்ச்சி, கேட்பவர் மேல் செலுத்தும் ஒரு செயல் என்பது அவர் வாதத்தின் சாரம். நண்பர் அதில் 'உணர்ச்சி'யை மட்டும் எடுத்துக்கொண்டு 'செயலை' விட்டுவிட்டார். சாயங்காலம் விடுகிற நேரத்தில், "சின்ன வேலைதான், முடிச்சுட்டுப் போயிடுங்க" என்று மேலேயிருந்து ஒரு 'சின்ன' வரும். அது ஒன்றரை மணி நேரம். மாதக் கடைசியில், "ஒரு சின்ன அட்வான்ஸ் வேணும்" என்று கீழேயிருந்து ஒரு 'சின்ன' போகும். முதலாவது 'சின்ன' மறுக்க விடாது. இரண்டாவது 'சின்ன' தன்னை ஏற்கெனவே குனிய வைத்துக்கொண்டு கேட்கிறது. இரண்டுக்கும் அகராதியில் ஒரே பொருள்தான் போடுவார்கள்.

இப்போது நம் கவிதை. சின்ன விளக்கும் குட்டி நிழலும் எனக்கு விரோதமில்லை. பொருள்களைச் சின்னதாக்கிக் கொஞ்சட்டும். ஆனால் இந்தப் பழக்கம் பொருள்களோடு நிற்பதில்லை. டீக்கடைப் பையன், செருப்புத் தைக்கும் சின்னக் கிழவர், பூ விற்கும் குட்டிப்பெண் என்று மனிதர்கள் வரிசையாகக் குறுகிப்போய் வருகிறார்கள். கவிஞன் மட்டும் முழு அளவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இரக்கம் சுரக்க வேண்டுமென்றால் எதிரே இருப்பவர் கொஞ்சம் சின்னவராக இருந்தாக வேண்டும். கணக்குப்பிள்ளையின் 'பையனு'க்கும் இந்தக் கவிஞனின் 'பையனு'க்கும் என்ன வித்தியாசம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கணக்குப்பிள்ளைக்கு இரக்கப்படுகிற பாசாங்கு இல்லை.

கண்ணின் கருமணிக்கு நாம் பாவை என்கிறோம், லத்தீன்காரன் புப்பில்லா என்றான். அதுவும் குட்டிப் பொம்மை, சிறுபெண். எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் தன் உருவம் சின்னதாகத் தெரிவதை இரண்டு மொழியும் தனித்தனியே கவனித்திருக்கின்றன. அதைப் பார்க்க வேண்டுமென்றால் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது அவர் உன் கண்ணில் எவ்வளவு சின்னவரோ அவ்வளவு சின்னவன் நீ அவர் கண்ணில். இந்தச் சிறுமைக்கு மட்டும் நண்பர் சொல்கிற கனிவு என்ற பெயரைக் கொடுக்க நான் தயார்.

நண்பர் தன் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கப்போவதாகக் கேள்வி. கொடுக்கட்டும். ஒவ்வொரு உதாரணத்துக்குப் பக்கத்திலும் யார் சொன்னது, யாரிடம் சொன்னது, அவர் திரும்பச் சொன்னாரா என்று மூன்று குறிப்பு சேர்க்கச் சொல்கிறேன். பாதி உதாரணம் நிற்காது. நிற்கிற பாதி நல்ல கட்டுரையாக இருக்கும்.

பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய சம்பளச் சீட்டுகளைப் பெரியம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் அவருடைய முழுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, பிழையில்லாமல் எழுதியிருக்கிறது. எழுதியவர் கணக்குப்பிள்ளைதான். பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்தது.